வித்தியாசத்தை எண்ணிப் பின்னிய டீபாட் உறை

குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், அதனால்தான். கீழே மேட்டுப்பாளையத்தில் இறக்கும் டீயைவிட எங்கள் டீ ஐந்து டிகிரி குறைந்த சூட்டில்தான் டீபாட்டுக்குள் இறங்குகிறது. ஜூன், ஜூலை மழையில் அறைக்குள் 17 டிகிரி. பீங்கான் டீபாட்டில் 600 மில்லி ஊற்றி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஊற்றியதும் 88. அரைமணி கழித்து, மூடாமல் வைத்தது 61 டிகிரிக்கு வந்துவிட்டது. நான் பின்னிய உறையைப் போட்டு வைத்தது 69-இல் நின்றது. இந்த எட்டு டிகிரி கிடைத்த பிறகுதான் இதை எழுதலாம் என்று தோன்றியது.

குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால் பின்னும் வேலையில், டீபாட் உறை போடுவது புதிதல்ல. இங்கே பழைய வீடுகளில் அலமாரியைத் திறந்தால் ஒன்றாவது இருக்கும். தெரிந்தவர் ஒருவர் நடத்தும் ஹோம்ஸ்டேவுக்கு ஒரே அளவில், ஒரே வடிவில் பல உறைகள் வேண்டும் என்று கேட்டார்கள். கைப்பழக்கத்தில் போட்டால் ஒன்று போல இன்னொன்று வராது. அதனால் முழு உறையையும் எண்களாக எழுதிவிட முடியுமா என்று பார்த்தேன். வரி நிறங்களுக்கு ஃபிபொனாச்சி தொடரை (1, 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டைக் கூட்டிப் போவது) எடுப்பது பலரும் செய்வது. உறையின் உருவத்தையே தொடரால் வரவழைப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கருவிகள் அதிகம் இல்லை. 4 மில்லிமீட்டர் அலுமினிய குரோஷா ஊசி, தையல் டேப், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, கட்டம் போட்ட நோட்டு, குறி வைக்க ஒரு பிடி ஊக்கு, நுனி செருகப் பெரிய காதுள்ள கம்பளி ஊசி. நூல், கம்பளி கலந்த நான்கு இழை. 50 கிராம் பந்து 140 ரூபாய். முழு அக்ரிலிக் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் சூடு தாங்குவதற்கே செய்யும் பொருளில் கம்பளியைக் குறைக்க மனம் வரவில்லை.

நிறத்துக்கு முதலில் வெள்ளையில் சிவப்பு, கறுப்பு என்றுதான் கை போனது. நீலகிரியில் அந்த மூன்று நிறமும் சேர்ந்தால் அது தோடர்களின் பூத்தையல். துணியில் கோடு கிழிக்காமல், ஊடும் பாவும் இழை இழையாக எண்ணியே தோடர் பெண்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எண்ணிக்கை மட்டுமே வரைபடமாக இருக்கும் கைவேலைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சுற்றுலாப் பயணி பார்த்துக் குழம்பும்படி அந்த நிறங்களை எடுத்து நான் விற்கக்கூடாது. கரும்பச்சையும் சந்தன நிறமும் எடுத்தேன்.

முதல் வேலை மாதிரித் துண்டு. சிங்கிள் குரோஷாவில் (குட்டையான அடிப்படைக் கண்ணியில்) ஒரு சதுரம் போட்டு, துவைத்து, தட்டையாகக் காயவைத்து அளந்தேன். 10 சென்டிமீட்டரில் குறுக்கே 16 கண்ணி, உயரத்தில் 17 வரிசை. துவைக்காமல் அளந்தபோது 17-க்கு 17 வந்தது. அந்த அளவை நம்பிப் போட்ட உறையில் அகலச் சுற்றுக்கு 102 கண்ணி வைத்தேன். துவைத்ததும் நூல் தளர்ந்து, 60 சென்டிமீட்டராக வரவேண்டியது 64 ஆகிவிட்டது. டீபாட் மேல் தொளதொளவென்று நின்றது. கம்பளி கலந்த நூலுக்குத் துவைத்த அளவுதான் அளவு. மழைக்காலத்தில் காய்வதற்கு நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதே சதுரத்தைத் தராசில் வைத்தேன்: 7 கிராம். 16-ஐ 17-ஆல் பெருக்கினால் 272 கண்ணி. ஒரு கண்ணிக்கு எவ்வளவு நூல் போகும் என்பது இதில் கையில் வந்துவிடுகிறது. பிறகு இந்தக் கணக்கு நிறைய உதவியது.

டீபாட்டின் மூக்கு நுனியிலிருந்து கைப்பிடி வரை 22 சென்டிமீட்டர், வயிறு 13. எல்லாவற்றையும் சேர்த்து டேப்பைச் சுற்றினால் 56. போட்டு எடுக்க 4 சேர்த்து 60. சென்டிமீட்டருக்கு 1.6 கண்ணி, ஆக 96 கண்ணி. மூடிக் குமிழோடு உயரம் 14.

வட்டம் போடத் தெரிந்த எல்லோருக்கும் 6, 12, 18, 24 தெரியும். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில்) ஆறு கண்ணி, பிறகு சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால் தட்டையாக வரும். ஏன் ஆறு? வட்டத்தின் ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு 6.28 கூடும். என் கையில் கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட சமம். 6.28-ஐ 16-ஆல் பெருக்கி 17-ஆல் வகுத்தால் 5.9. அதுதான் ஆறு. டபுள் குரோஷாவில் கண்ணி நெட்டை, அதனால்தான் அங்கே பன்னிரண்டு கூட்டுகிறோம்.

முதல் திட்டம் இந்தத் தட்டை வட்டத்தை 96 கண்ணி வரை கொண்டுபோய், பிறகு கூட்டாமல் நேராக இறக்குவது. பதினாறு சுற்றில் 96 வந்தது. இறக்கியும் ஆயிற்று. டீபாட்டில் போட்டதும் தகர டப்பா மூடி போல விளிம்பு கட்டி நின்றது. நடுவில் மூடிக் குமிழ் துருத்த, சுற்றிலும் துணி தொங்கியது. அந்த இடைவெளியில் காற்று அடைந்து நிற்பது நல்லதுதான், ஆனால் கண்ணுக்கு ஒப்பவில்லை.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். பச்சை இலை வரத்தில் மொத்தத்தைவிட நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் முதலில் பார்ப்போம். நோட்டில் கண்ணி எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கூடியது என்று எழுதினேன். தட்டை வட்டத்தில் அந்தக் கட்டம் முழுக்க 6, 6, 6. நேராக இறங்கிய இடத்தில் 0, 0, 0. விளிம்பு மடிந்த இடம் ஆறு சட்டென்று பூஜ்யமான இடம். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. உருவத்தைச் சொல்வது கண்ணி எண்ணிக்கை அல்ல, இந்த வித்தியாசம். ஆறாகவே இருந்தால் தட்டை. ஆறிலிருந்து குறைந்துகொண்டே வந்தால் கவிகிறது. பூஜ்யத்தில் நேர்க்குழாய். ஆறைத் தாண்டினால் அலை அடிக்கிறது. ஒரு தொடரைக் குரோஷாவுக்கு எடுக்கும்போது அதன் எண்களைப் பார்க்காமல் இடைவெளிகளைப் பார்க்க வேண்டும்.

ஆக, டப்பா மூடிக்குப் பதில் அரைக்கோளம் வேண்டுமென்றால் ஆறு மெல்ல மெல்ல இறங்கிப் பூஜ்யத்துக்கு வரவேண்டும். எவ்வளவு மெல்ல? 60 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கோளத்தில் உச்சியிலிருந்து நடுக்கோடு வரை கால் பங்கு, 15 சென்டிமீட்டர். என் வரிசை உயரத்துக்கு 25 சுற்று. 90 டிகிரியை 25-க்குப் பங்கிட்டால் சுற்றுக்கு 3.6 டிகிரி. போனில் இருக்கும் கால்குலேட்டரில் ஒவ்வொரு கோணத்துக்கும் சைன் எடுத்து 96-ஆல் பெருக்கினேன். முதல் சுற்று 6.03, இரண்டாவது 12.03, மூன்றாவது 17.99. எல்லோரும் போடும் அதே 6, 12, 18 தானாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது மிகச் சந்தோஷமாக இருந்தது.

முழுமையாக்கி, ஓர் இடத்தில் மட்டும் ஒரு கண்ணியை முன்னால் நகர்த்தி ஒழுங்குபடுத்திய பிறகு எண்ணிக்கை இப்படி: 6, 12, 18, 24, 30, 36, 41, 46, 51, 56, 61, 66, 70, 74, 78, 81, 84, 87, 89, 91, 93, 94, 95, 96, 96. இதை மனப்பாடம் செய்யவேண்டியதே இல்லை. வித்தியாசத்தைப் பாருங்கள். ஆறு சுற்றுக்கு ஆறு ஆறாக, அடுத்த ஆறு சுற்றுக்கு ஐந்து ஐந்தாக, பிறகு மூன்று சுற்றுக்கு நான்கு, மூன்று சுற்றுக்கு மூன்று, மூன்று சுற்றுக்கு இரண்டு, மூன்று சுற்றுக்கு ஒன்று, கடைசியில் பூஜ்யம். சின்னத் துண்டுச்சீட்டில் எழுதி நூல் பையில் போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் உட்கார்ந்துகூடப் போடலாம்.

கூட்டும் கண்ணிகளை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய கூட்டலுக்கு நேர் மேலேயே வைத்துக்கொண்டு போனால் வட்டம் அறுகோணமாகிவிடும், உச்சியிலிருந்து ஆறு முதுகெலும்பு ஓடும். நான் ஒரு சுற்றில் கூட்டிய இடங்களில் ஊக்கு குத்திவிட்டு, அடுத்த சுற்றில் இரண்டு ஊக்குக்கு நடுவில் கூட்டினேன். 41-இல் ஐந்து கூட்டுவதென்றால் சரிசமமாகப் பங்கிட முடியாது. எட்டு எட்டாக நான்கு, ஒன்பதாக ஒன்று. அந்த ஒரு கண்ணி யார் கண்ணிலும் படாது.

பக்கத்து வீட்டு அக்கா நாற்பது வருஷமாகக் குரோஷா போடுகிறவர். கான்வென்ட்டில் கற்ற கை. நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “கணக்கெல்லாம் எதுக்கும்மா? ஓரம் குவிஞ்சா ஒண்ணு கூட்டிப் போடு, அலை அடிச்சா ஒண்ணு விடு” என்றார். “அப்படிப் போட்டா அடுத்ததும் இதே அளவுல வருமாக்கா?” என்று கேட்டேன். “வராது. நான் ஒரே மாதிரி ரெண்டு போடறதே இல்லியே” என்றார். வித்தியாசக் கட்டத்தை அவர் விரல் நுனியிலேயே வைத்திருக்கிறார். எனக்கு அதைத் தாளில் இறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உயரம் இன்னும் போதவில்லை. அரைக்கோளம் ஒன்பதரை சென்டிமீட்டர்தான் மூடும். பூஜ்ய வித்தியாசத்தில் எட்டுச் சுற்று நேராக இறக்கினேன். மொத்தம் 33 சுற்று. வரி நிறத்துக்கு ஃபிபொனாச்சியை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் 1, 1, 2, 3, 5, 8, 13 சேர்ந்து சரியாக 33. இதற்காக நான் எதையும் வளைக்கவில்லை. உச்சியில் ஒரு சுற்று பச்சை, ஒரு சுற்று சந்தனம், இரண்டு பச்சை, மூன்று சந்தனம், ஐந்து பச்சை, எட்டு சந்தனம், கடைசி பதின்மூன்று பச்சை.

இந்தத் தொடர் இத்தாலியர் ஃபிபொனாச்சி 1202-இல் எழுதிய நூலால் பெயர் பெற்றது. அதற்கு முன்பே விரகாங்கர், ஹேமசந்திரர் போன்ற யாப்பறிஞர்கள் ஒரு மாத்திரையும் இரண்டு மாத்திரையும் கலந்து ஓர் அடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணும்போது இதே எண்களைக் கண்டிருக்கிறார்கள். வரி போடுகிறவர்களுக்கு அது நேரடியாகப் பயன்படும். ஒரு சுற்று வரியும் இரண்டு சுற்று வரியும் மட்டும் வைத்து ஐந்து சுற்றை எட்டு விதமாக நிரப்பலாம். ஒரு செட் உறைகளில் ஒவ்வொன்றின் உச்சியையும் வேறு வேறாக அமைக்க இது கைகொடுக்கும்.

நிறம் மாற்றும்போது சுருள் சுருளாகத் தொடர்ந்து போட்டால் வரி தொடங்கும் இடத்தில் படி விழும். மெல்லிய வரிகளில் அது மிக மோசமாகத் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் ஸ்டிச் (இணைக்கும் கண்ணி) போட்டு மூடி, ஒரு செயின் (சங்கிலிக் கண்ணி) ஏற்றி அடுத்த சுற்றைத் தொடங்கினேன். பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியின் கடைசி இழுப்பைப் புது நூலால் இழுத்தால் நிறம் சுத்தமாக மாறும். மூட்டு வரும் கோட்டை டீபாட்டின் கைப்பிடிப் பக்கம் திருப்பிவிட்டால் மறைந்துவிடும்.

அடுத்தது அடி ஓரத்து ஃப்ரில். ஆறைத் தாண்டினால் அலை அடிக்கும் என்று சொன்னேன் அல்லவா, இங்கே அது வேண்டும். முதலில் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கினேன். 96, 192, 384, 768. பார்க்க மிக அழகு, கொத்தாகச் சுருண்டு கோழிக்கொண்டைப் பூ மாதிரியே வந்தது. ஆனால் கண்ணிகளைக் கூட்டிப் பாருங்கள். மூன்றே சுற்றில் 1,344. உறையின் உடம்பு முழுக்கவே 2,343 கண்ணிதான். மூன்று சுற்று ஃப்ரில்லுக்கு முப்பத்தைந்து கிராம் நூல் போய்விட்டது. கனம் தாங்காமல் உறை கீழே இழுத்தது. பெருக்கிக்கொண்டே போகும் தொடர் நூலை விழுங்கும். கணித அறிஞர் டைனா தைமின்யா 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹைபர்பாலிக் தளத்தை (எல்லா இடத்திலும் அலையாக விரியும் பரப்பை) குரோஷாவில் காட்டியபோது செய்ததும் பெருக்கல் வளர்ச்சிதான், மாறாத விகிதத்தில் கூட்டிக்கொண்டே போவது. விகிதத்தைக் குறைத்தால் மெல்லிய அலை, கூட்டினால் நெருக்கமான சுருள். எவ்வளவு கூட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம்.

அதைப் பிரித்துவிட்டு ஃபிபொனாச்சியைப் பின்னாலிருந்து எடுத்தேன். முதல் சுற்றில் எட்டுக் கண்ணிக்கு ஒன்று கூட்டல், அடுத்து ஐந்துக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, கடைசியில் இரண்டுக்கு ஒன்று. 96 கண்ணி 108 ஆகி, 129 ஆகி, 172 ஆகி, 258-இல் முடிந்தது. நான்கு சுற்றுக்கும் சேர்த்து 667 கண்ணி, 17 கிராம். ஓரம் தொடங்கும் இடத்தில் தெரியாமல் விரிந்து, நுனியில்தான் அலை அடிக்கிறது. மேஜை மேல் கச்சிதமாக உட்கார்கிறது. இரட்டிப்பை விட இது எனக்கு எவ்வளவோ பிடித்திருக்கிறது. வடிவத்திலும் ஒரு நிதானம் இருக்கிறது.

உச்சியில் பிடித்துத் தூக்க ஒரு பூ. அதற்கு ஃபிபொனாச்சியை நேராகவே கண்ணி எண்ணிக்கையாக எடுத்தேன்: 5, 8, 13, 21, 34, 55. வித்தியாசங்கள் 3, 5, 8, 13, 21. முதல் இரண்டும் ஆறுக்குக் கீழே, அதனால் பூ புனல் போலக் குவிந்து தொடங்குகிறது. மூன்றாவதிலேயே ஆறைத் தாண்டிவிடுகிறது, அதற்குப் பிறகு விரிந்துகொண்டே போய் இதழ் மடிகிறது. இங்கே ஈரமான பள்ளங்களில் பூக்கும் வெள்ளை அரும் லில்லியின் அடிப்பாகம் மாதிரி ஒரு கழுத்து கிடைத்தது, விரலால் பிடிக்க வசதி. 55-ஐத் தாண்டி 89-க்குப் போகாதீர்கள், கழுத்து தெரியாமல் இதழ் மூடிவிடும். 136 கண்ணி, மூன்றரை கிராம்.

கண்ணிக் கணக்கை எடையாக மாற்றிப் பார்த்தால் பச்சையில் 1,570 கண்ணி, 40 கிராம். சந்தனத்தில் வரிகள், ஃப்ரில், பூ எல்லாம் சேர்த்து 41 கிராம். நிறத்துக்கு ஒரு பந்து வாங்கினால் போதும் என்பது பின்னத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. முடித்து எடை போட்டபோது மொத்தம் 85 கிராம் வந்தது. மூட்டுச் செயின்களும் நுனிகளும்தான் அந்தக் கூடுதல். நூல் செலவு 280 ரூபாய், இரண்டு பந்திலும் சேர்த்து 15 கிராம்தான் மிச்சம். 3,146 கண்ணி. நிமிடத்துக்குப் பதினைந்து போட்டால் மூன்றரை மணி நேரம், கூட்டல் குறி வைப்பது, நுனி செருகுவது எல்லாம் சேர்த்து நான்கு மணிக்கு மேல். ஹோம்ஸ்டேவுக்கு 700 ரூபாய் சொன்னேன். கண்ணிக் கணக்கைக் காட்டியதும் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்கள். கைவேலைக்கு விலை சொல்லும்போது எண்ணிக்கை எழுதி வைத்திருப்பது பெரிய பலம்.

மாற்றவேண்டியதும் இருக்கிறது. சிங்கிள் குரோஷாவில் கண்ணிக்குக் கண்ணி சின்னத் துளை உண்டு, சூடு அதன் வழியாகப் போகிறது. பழைய ஃபிளானல் சட்டையை வெட்டி உள்ளே ஒரு பட்டை கொடுத்ததும் அதே அரைமணியில் 72 டிகிரி நின்றது. இனிமேல் உள்துணியோடுதான் கொடுப்பேன். துணி சுருங்கும் என்பதால் அதையும் துவைத்த பிறகே வெட்டவேண்டும். ஃபிளானல் தனியாகக் கழற்றித் துவைக்கும்படி நான்கு இடத்தில் மட்டும் தைத்தால் போதும். கம்பளிப் பகுதியைப் பச்சைத் தண்ணீரில் கசக்காமல் அலசவேண்டும். வெந்நீரில் தேய்த்தால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், பிறகு எந்தக் கணக்கும் நிற்காது.

இப்போது ஊசியில் இருப்பது இரண்டு கப் டீபாட்டுக்கு. சுற்றளவு 45 சென்டிமீட்டர், 72 கண்ணி, அரைக்கோளத்துக்கு 19 சுற்று. சைன் எடுத்து ஒழுங்குபடுத்தினால் வித்தியாசம் இப்படி: ஆறு நான்கு முறை, ஐந்து ஐந்து முறை, நான்கு இரண்டு முறை, மூன்று மூன்று முறை, இரண்டு இரண்டு முறை, ஒன்று இரண்டு முறை, பூஜ்யம் ஒருமுறை. நேராக இறக்க ஏழு சுற்று. மொத்தம் 26. ஃபிபொனாச்சியில் 20-க்கு அடுத்து 33-க்குத் தாவிவிடுகிறது, 26 கிடையாது. அதே போல முந்தைய இரண்டைக் கூட்டிப் போகும் லூகாஸ் எண்களை எடுத்தேன். 1, 3, 4, 7, 11 சேர்ந்தால் 26. ஐந்தே வரி, பச்சையில் தொடங்கிப் பச்சையிலேயே முடிகிறது. உடம்புக்கு 1,411 கண்ணி, 36 கிராம். ஃப்ரில்லுக்கு 72-ஐ எட்டால் வகுத்தால் ஒன்பது கூட்டல், மிச்சம் இல்லாமல் வருகிறது. பூவை 34-லேயே நிறுத்தப்போகிறேன், சின்ன டீபாட்டுக்கு 55 தலைக்கனம்.